எந்த கிரவுண்ட், தம்பி?

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு செய்து பழகியவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. சிப்பின் பயன்படுத்தாத கால் (பின்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிரவுண்டில், அதாவது பூஜ்ய வோல்ட் தரையில், கட்டிவிடுவார்கள். ஐந்து வோல்ட் உலகத்தில் அது பெரும்பாலும் தப்பில்லை. பேட்டரி கண்காணிப்பு சிப்பில் அந்தப் பழக்கம் புகையில் கொண்டுபோய் விடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்சார ஸ்கூட்டருக்கான பேட்டரி பேக் செய்யும் இடத்தில் ஸ்கீமாட்டிக் (சுற்று வரைபடம்) சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பேக்கில் 13 செல், ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர் வரிசையில். சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ76940. அது 9 முதல் 15 செல் வரை ஒவ்வொன்றின் வோல்ட்டையும் பார்க்கும். ஆக, இரண்டு செல் உள்ளீடுகள் மிச்சம். புதிதாகச் சேர்ந்த தம்பி இரண்டையும் கிரவுண்டில் கட்டி வரைந்திருந்தார்.

"சும்மா இருக்கிற பின்தானே சார்?"

"எவ்வளவு உயரத்தில் சும்மா இருக்கு, அதைப் பாருங்க."

வரிசையின் மேல்பகுதியில் இருக்கும் உள்ளீட்டுக்குப் பக்கத்துப் பின் தரையிலிருந்து நாற்பது வோல்ட் உயரத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு பின்னைத் தரைக்கு இழுத்தால், ஒரு செல்லின் நான்கு வோல்ட்டைத் தாங்கச் செய்த இடத்தில் மொத்த நாற்பதும் வந்து உட்காரும். உள்ளே செல்களைச் சமன்செய்யும் பேலன்சிங் ட்ரான்சிஸ்டரோடு ஒட்டிப் பிறந்த டயோடு வழிவிட்டால், 100 ஓம் ஃபில்டர் ரெசிஸ்டரில் 0.4 ஆம்பியர், அதாவது 16 வாட். பத்தில் ஒரு வாட் தாங்கும் பொடி ரெசிஸ்டர் அது. சிப் அதற்கு முன்பே போய்விட்டாலும் ஆச்சரியமில்லை.

சரியான வழி, மிச்ச உள்ளீட்டைப் பக்கத்துப் பின்னோடு நேரே இணைப்பது (ஷார்ட்). அப்போது அந்த இடத்தில் பூஜ்யம் வோல்ட் தெரியும். அதையும் நினைத்த இடத்தில் செய்ய முடியாது. இந்த சிப் ஐந்து ஐந்து செல்லாக மூன்று குழு. ஒவ்வொரு குழுவின் உச்சியிலும் நிஜ செல் இருந்தாக வேண்டும். மிச்சத்தை நடுவில்தான் ஒதுக்க முடியும், அதற்கு டேட்டாஷீட்டில் அட்டவணையே இருக்கிறது. 15 செல் பேக்குக்கும் அதே போர்டு வேண்டும் என்று மேலிடம் கேட்டதால், அந்த ஷார்ட்டுக்கு வெறும் கம்பிபோல் வேலை செய்யும் ஜீரோ ஓம் ரெசிஸ்டர் வைத்தோம். 13 செல் போர்டில் மட்டும் சால்டர் ஆகும்.

சிப் அங்கே பூஜ்யம் படித்த பிறகு, மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதும் ஃபர்ம்வேர்காரர்களின் தலைவலி ஆரம்பம். மிகக் குறைந்த செல் எது என்று தேடும் நிரல் இந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு, பேக் காலி என்று கத்தும். அந்த இரண்டு இடங்களையும் கணக்கிலிருந்து விலக்கியாக வேண்டும். சிப்பின் சொந்தக் குறைவோல்ட் பாதுகாப்போ, வோல்ட் மிகவும் தாழ்ந்த உள்ளீட்டைப் பயன்படாதது என்று தானே எண்ணி விட்டுவிடும். வசதிதான், ஆனால் நிஜமாகவே செத்துப்போன செல்லையும் அப்படியே விட்டுவிடும்! அதனால் எந்த இடத்தில் செல் இருக்கிறது என்ற பட்டியலை மைக்ரோகன்ட்ரோலரும் வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் வெப்ப உணரி பின்கள். சென்னை வெயிலுக்கு மூன்றையும் பயன்படுத்துங்கள் என்பேன். விலைப் பட்டியல் ஒன்றைத்தான் அனுமதித்தது. மற்ற இரண்டுக்கும் 10 கிலோஓம் போட்டு கிரவுண்டுக்கு இறக்க வேண்டும். இங்கேதான் தம்பி மறுபடி மாட்டினார். இரண்டாவது உணரியின் கிரவுண்ட் பேக்கின் அடி அல்ல. இரண்டாம் குழுவின் அடி. 15 செல்லும் இருந்தால் அது தரையிலிருந்து ஐந்து செல் உயரம். மூன்றாவதற்கு மூன்றாம் குழுவின் அடி, பத்து செல். முதல் உணரியின் பின்னுக்கு இன்னொரு வேலையும் உண்டு: உறங்கும் சிப்பை எழுப்பும் துடிப்பு அதன் வழியாகத்தான் வரும். அதைத் தரையோடு நேரே கட்டினால் சிப் எழவே எழாது.

"அப்போ எந்த கிரவுண்ட்னு ஒவ்வொரு பின்னுக்கும் எழுதிடட்டுமா சார்?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன். இப்போது ஸ்கீமாட்டிக்கில் ஒவ்வொரு மிச்சப் பின்னின் பக்கத்திலும் ஒரு வரி காரணம் இருக்கிறது. உணரியே இல்லாத இடத்தில் ரெசிஸ்டர் எதற்கு, எடுத்துவிடலாமா என்று பர்ச்சேஸிலிருந்து கேட்டு வரும்போது அந்த வரியைக் காட்டினால் போதும்.