நீலகிரி மழையும் டிரெடில் ரோலரும்

மலையில் டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) ஓட்டினால் காலையில் வந்ததும் தொட்டுப் பார்க்க வேண்டியது எழுத்துக்கு மை தடவும் ரோலரைத்தான். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். குளிரிலும் மழையிலும் அது மாறாது. ரோலர் அப்படியில்லை. வஜ்ஜிரமும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) கிளிசரினும் காய்ச்சி வார்த்த பழைய ரோலர் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதும். ஊட்டி, கூடலூரில் ஆடி மழையில் இந்தத் தொல்லை. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில்.

ஊதிய ரோலர் எழுத்தின் முகத்தைத் தடவிப் போகாமல் அழுத்தித் தேய்க்கும். மை தோள்வரை (முகத்துக்குக் கீழேயுள்ள விளிம்பு) இறங்கும். தமிழுக்கு இது பெரிய கேடு. 'கீ'யின் சுழி அடைத்துக்கொண்டால் கி-யா கீ-யா என்று தெரியாது. 'ண', 'ஞ' எல்லாம் கறுப்புப் பொட்டாகிவிடும். அதற்காக மையைக் குறைத்தால் தேய்ந்த புள்ளி விழாது, 'பால்' 'பால' ஆகும். மையில் கை வைக்காதீர்கள். ரோலர் சக்கரம் ஓடும் தண்டவாளத்தில் டேப் ஒட்டி ரோலரைச் சற்றே தூக்குங்கள். எழுத்துயரக் கட்டைமேல் ரோலரை ஓட்டினால் விழும் மைக்கோடு சுமார் 3 மி.மீ. அகலம் இருந்தால் போதும். வஜ்ஜிர ரோலரைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது, மண்ணெண்ணெய்தான். இரவில் மூடிய அலமாரியில், ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட வேண்டும்.

மார்கழி, தை உறைபனியில் கதை வேறு. மை இறுகித் தாளின் நாரைப் பிய்க்கும். எண்ணெய் ஊற்றித் தளர்த்தினால் எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் ஊறும். மை டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, தாள் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவதே நல்லது.

சேஸில் (எழுத்துகளைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) பூட்டிய பக்கத்தையும் நம்பக்கூடாது. இடைவெளி நிரப்பும் மரக்கட்டைகள் ஈரத்தில் உப்பினால் ஃபாரம் (பூட்டிய பக்கம்) நடுவில் எழும்பும். வறண்ட பனிக்காற்றில் சுருங்கினால் எழுத்து தளர்ந்து, தூக்கும்போது மொத்தமும் கொட்டும். சேஸின் ஒரு முனைக்கடியில் சாவியை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஓர் எழுத்து அசைந்தாலும் குவாயினை (சேஸுக்குள் எழுத்தை இறுக்கும் ஆப்பு) மறுபடி முறுக்க வேண்டும்.

 

தாள் ரீமைச் சுவரோரம் அடுக்காதீர்கள். பலகைமேல், சுற்றிய உறை பிரிக்காமல் வையுங்கள். ஓரம் ஈரத்தில் அலையடித்த தாள் இரண்டாம் பக்கம் அடிக்கும்போது இடம் பிசகும்.