கண்டக்டர் விரல்

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தார். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு, தேனிப் பக்கம் போகிற வண்டிகள். 2014-இல் ஓய்வு பெற்றார். தோல் பைக்குள் கையை விட்டால் குனிந்து பார்க்க மாட்டார். ஒரு கை மேல்கம்பியில், விசில் வாயில், கண் படிக்கட்டில் தொங்குகிற பையன்கள் மேல். கேட்ட சில்லறை சரியாக வெளியே வரும்.

சின்ன வயதில் எனக்கு அது வித்தை மாதிரித் தெரிந்தது. ஆப் வடிவமைக்கிற வேலைக்கு வந்து சில வருடம் அடிபட்ட பிறகுதான், அந்த வித்தையில் பாதி அப்பாவுடையது, மீதி காசைச் செய்தவர்களுடையது என்று உறைத்தது. 5 பைசா சதுரம். 10 பைசாவுக்குப் பூ இதழ் மாதிரி நெளிந்த விளிம்பு. 20 பைசாவுக்கு ஆறு பக்கம். பழைய 2 ரூபாய்க்குப் பதினொரு பக்கம். அப்பா அதை எண்ணினதே இல்லை, "மூலை மூலையா இருக்கும்" என்பார், அவ்வளவுதான். 5 ரூபாய் கட்டிக் காசு, 9 கிராம். பைக்குள் அது மட்டும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பார்.

2005-க்குப் பிறகு 2 ரூபாய் வட்டமாகி, ஸ்டீலுக்கு மாறியது. அப்போது 1 ரூபாயும் வட்டம், ஸ்டீல். 1 ரூபாய்க்குக் குறுக்களவு 25 மி.மீ., 2 ரூபாய்க்கு ஏறக்குறைய 27. மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பெரியகுளம் ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அந்த 2 மி.மீ. யார் விரலுக்குத் தெரியும்? 2007-இல் காசில் கை முத்திரை வந்தது: 1 ரூபாயில் கட்டைவிரல், 2 ரூபாயில் இரண்டு விரல். எண் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற படம், எனக்குப் பிடித்த படமும்கூட. ஆனால் அதைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். கடைசி டிரிப் வண்டியில் மூன்று டியூப்லைட்டில் ஒன்று எரிந்தாலே அதிர்ஷ்டம்.

இதோடு நின்றிருந்தால் அப்பா பழகியிருப்பார். 2011-இல் புது வரிசை வந்தது. அதில் 2 ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். முந்தைய கட்டைவிரல் 1 ரூபாய் எவ்வளவு? அதே 25 மி.மீ., அதே 4.85 கிராம். புது 1 ரூபாயோ 22 மி.மீ.க்குச் சுருங்கி, பழைய 50 பைசாவின் அளவுக்கு வந்து நின்றது. பழையவையும் செல்லும், புதியவையும் செல்லும், எல்லாம் ஒரே பைக்குள். ராத்திரி டிப்போவில் டிக்கெட் கணக்கு எழுதின வே பில்லோடு வசூலைக் கட்டும்போது குறைந்தால் கைக்காசுதான். அந்தச் சமயத்தில் ஒருநாள், "என் விரலு பொய் சொல்ல ஆரம்பிச்சிருச்சுடா" என்றார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அளவுகளை எடுத்துப் பார்க்க எனக்கு இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது.

பார்க்க வைத்தது நான் செய்த ஒரு தப்பு.

பால் கொள்முதல் நிலையங்களுக்கு ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு என்று பதிய வேண்டும். முதல் வடிவத்தில் வலது கீழ் மூலையில் பச்சையாக "சேமி". அடுத்த அப்டேட்டில் திரை அழகாக இருக்கட்டும் என்று "சேமி"யை மேலே கொண்டுபோய், அந்த மூலையில் "அழி"யை வைத்தேன். கோயம்புத்தூர் ஆபீஸில் ஏசி அறையில் ஆறு பேர் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினோம். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு நிலையத்தில் இருந்து போன் வந்தது. அங்கே பால் கணக்குப் பதிகிற அக்கா அன்று பதிந்ததில் பாதி காணோம்.

மறுநாள் விடியுமுன் நேரில் போய் நின்றேன். அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. கண் அளவைக் கேன் மேல், காது "என்னுது எவ்வளவு" என்று கேட்கிற வரிசை மேல். கட்டைவிரல் தானாக வலது கீழ் மூலைக்குப் போகிறது. அங்கே இப்போது "அழி" இருக்கிறது. "உறுதியா?" என்று கேட்கிற பெட்டியையும் அதே வேகத்தில் தட்டி விடுகிறார், அப்படிப்பட்ட பெட்டிகளை நாம் யார்தான் படிக்கிறோம்? போதாததற்கு விரல் எப்போதும் பால் ஈரம். ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் பாதி நேரம் அசையாது. முந்தானையில் துடைத்துத் துடைத்துத் தட்டினார்.

"தம்பி, நாளைக்கு இந்தப் பட்டனை எங்க வைப்பீங்க? சொல்லிட்டா இன்னைக்கே பழகிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவின் பொய் சொன்ன விரல் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரிதான் காசு அளவுகளைத் தேடிப் படித்தேன்.

"சேமி" பழைய இடத்துக்கே போனது. "அழி"யை அந்தத் திரையில் இருந்தே எடுத்துவிட்டு, தப்பான பதிவைத் திருத்தத் தனிப் பக்கம் வைத்தோம். ஈரக் கைக்கு ஆப்பில் வழி கிடைக்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் கடையில் சாதாரண யூ.எஸ்.பி. எண் கீபோர்டு ஒன்று வாங்கி, ஓடிஜி ஒயரில் போனோடு இணைத்தோம். எண்ணை அழுத்தி என்டரைத் தட்டினால் பதிந்துவிடும். அதில் 5-இன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும், தடவிப் பாருங்கள். அந்த மேட்டில் நடுவிரலை வைத்தால் மற்ற எட்டும் எங்கே என்று கைக்குத் தெரியும். அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுக்க நினைத்ததை, ஒரு வாரத்தில் அவரே கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். வடிவமைப்பாளன் என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பவன் நான்.

10 ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊரில் ஒரு வதந்தி ஓடியதே, அப்போது கடைக்காரர்களை நானும் கிண்டல் செய்தவன்தான். 14 வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டி வந்தது. ஒரே மதிப்புக்குப் பதினான்கு முகம். இப்போது கிண்டல் வரவில்லை.

2019-இல் வந்த வரிசை தேவலாம். பார்வையற்றோரை மனதில் வைத்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் கைவண்ணத்தில் செய்தது. மதிப்பு கூடக்கூட எடையும் கூடுகிறது. 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். ஆனால் பழையவை எங்கும் போய்விடவில்லை. புது 5 ரூபாய்க்கும் குறுக்களவு 25 மி.மீ. ஆக, அதே வட்டம் 2007-இல் ஒன்று, 2011-இல் இரண்டு, 2019-இல் ஐந்து. ஐந்து கனம், தடிமன் என்பதால் விரல் பிழைத்துக்கொள்ளும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி கரண்ட் போய்விட்டது. அப்பாவுக்கு இப்போது சர்க்கரை, கண்ணும் மங்கல். பழநிக்கு முடிந்து வைத்த உண்டியல் காசைத் திண்ணையில் கொட்டி, ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இருபது. மூலை இருக்கு." சரி.

"அஞ்சு, பழைய கட்டி." சரி.

"ஒண்ணு."

போன் வெளிச்சத்தில் பார்த்தேன். "ரெண்டுப்பா."

வாங்கி இன்னொரு தரம் விளிம்பைச் சுற்றித் தடவினார்.

"எந்த வருஷத்து ரெண்டு?" என்றார்.