மனுசி எலக்சன் கேக்கிறா

19 மார்ச் 2025, புதன்

யாழ்ப்பாணம் மாநகர சபை எலக்சனுக்கு நிக்கிறதெண்டு இவ கையெழுத்துப் போட்டுட்டா. கட்சிக்காரர் மூண்டு தரம் வந்து கேட்டுட்டினம். பெண்கள் 25 வீதம் இருக்கோணுமாம், "பேரை மட்டும் தாங்கோ அக்கா, மிச்சம் நாங்கள் பாப்பம்" எண்டினம். பேர் மட்டும் வேணுமெண்டால் வாக்காளர் இடாப்பில கிடக்கு, அதைப் பாத்து எழுதுங்கோ, நான் நிண்டால் நான்தான் கதைப்பன் எண்டு இவ சொன்னதுக்கு தலையாட்டினவைதான். தலையாட்டினதை ஆரும் எழுதி வைக்கேல்ல.

20 மார்ச்

வேட்புமனு குடுக்கிறது மத்தியானம் 12 மணியோட முடிஞ்சுது. எங்கட பட்டியல் தப்பியிட்டுது. பிறப்பத்தாட்சிக் கொப்பியை ஒழுங்கா அத்தாட்சிப்படுத்தேல்ல எண்டு கன பட்டியல் தள்ளுபடியாம். அந்தக் கொப்பியெல்லாம் என்ர கடையில அடிச்சது, பின்னேரம் வரைக்கும் எனக்கு நெஞ்சுக்குள்ள பக்பக்.

27 மார்ச்

நோட்டீஸ் எழுதத் தொடங்கினம், ஒரு வரி எழுத ஒரு மணித்தியாலம். எது மாநகர சபையின்ர வேலை எண்டு முதல்ல எங்களுக்கே விளங்க வேண்டிக் கிடந்தது. பெரிய ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதுக்கடுத்தது மாகாணத்தின்ர திணைக்களம், ஒழுங்கைக்கு வந்தால்தான் எங்கட சபை. லைற் போஸ்ட் மின்சார சபையின்ர, அதில எரியாமல் தொங்கிற பல்ப் மாநகர சபையின்ர. குழாய்த்தண்ணி நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, ஆனா பேரில வடிகால் இருக்கெண்டு வெள்ள வாய்க்காலுக்கு அங்க போய் நிண்டால் சிரிப்பினம், அதுவும் எங்கட சபைதான்.

குப்பை, வாய்க்கால், லைற், சந்தை, சோலைவரி (வீடு, கடைக்குச் சபை வாங்கிற வரி), கட்டிட அனுமதி, கக்கூஸ் குழி இழுக்கிற பௌசர். இவ்வளவுக்குள்ளதான் வாக்குறுதி குடுக்கலாம் எண்டா இவ. கட்சிக்காரர் முதல்ல இனப்பிரச்சினையைப் பற்றி ரெண்டு வரி போடச் சொன்னவை. போட்டம், அடியில. மேல ஒண்டாவதா இவ எழுதினது: வெள்ள வாய்க்கால் மேல கட்டின ஆக்கிரமிப்புகளை அகற்றுதல், ஆர் கட்டினதெண்டு பாராமல்.

ஆர் கட்டினதெண்டு பாராமல். ரைப் பண்ணினது நான்.

2 ஏப்ரல்

விடிய வெள்ளண்ண ரேப்பைக் கொண்டுபோய் வாய்க்காலின்ர அகலத்தை அளந்தன். மூலை வளவடியில 3 அடி. எங்கட மதிலடியில 1 அடி 4 அங்குலம்.

5 ஏப்ரல்

என்னைப்போல ரைப் பண்ணி, கொப்பி அடிச்சுக் குடுக்கிற கொமினிக்கேஷன் கடை வச்சிருக்கிறவனுக்குத்தான் எலக்சன் விளங்கும். இண்டைக்கு நாலு கட்சி நோட்டீஸ் ரைப் பண்ணினன். எல்லாத்திலயும் 'தூய நகரம்', 'ஊழலற்ற சபை', 'இளைஞருக்கு வாய்ப்பு'. ஒருத்தர் மற்றவையின்ர நோட்டீஸ் ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாத்தித் தாங்கோ தம்பி எண்டார், மாட்டன் எண்டிட்டு நானே கிட்டத்தட்ட அதையேதான் அடிச்சுக் குடுத்தன், வேற என்ன செய்ய. குப்பையை எங்க கொண்டுபோறதெண்டு மட்டும் ஒரு நோட்டீசிலயும் இல்லை.

போன தேர்தல் 2018 பெப்ரவரி 10. 2023 மார்ச் 9 இல வைக்கிறம் எண்டு சொல்லி காசில்லை எண்டு தள்ளினவை, அந்த மாசத்தோட சபையும் கலைஞ்சு போச்சு, அதுக்குப் பிறகு மாநகர ஆணையாளர்தான் எல்லாம். ரெண்டு வருசமா ஒரு பல்ப்புக்குச் சண்டை பிடிக்கக்கூட உறுப்பினர் எண்டு ஒருத்தர் இல்லை. வந்தால் மட்டும் பிடிப்பினமோ எண்டு ரோனர் கொண்டுவந்த பெடியன் கேட்டான்.

9 ஏப்ரல்

இவ எங்கட சபை குப்பை கொட்டிற கல்லுண்டாய்க்குப் போயிட்டு வந்தா. சீலையெல்லாம் புகை மணம். மேட்டில மாடு நிண்டு சொப்பின் பையைச் சப்புதாம், பக்கத்தில குடியிருக்கிற மனுசி ஒருத்தி, காத்துத் திரும்பினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்ட ஓடுறது எண்டிச்சாம். அது எங்கட மாநகர எல்லைக்குள்ளயே இல்லை. எங்கட குப்பை, அவையின்ர காத்து. அங்க எங்களுக்கு வோட்டும் இல்லை, ஏன் போனனீர் எண்டு கட்சி அமைப்பாளர் ஃபோன்ல கேக்கிறார்.

ரெண்டாவதா எழுதின வரியை ராத்திரியே மாத்தினா. 'ஒவ்வொரு நாளும் குப்பை எடுக்கப்படும்' எண்டிருந்தது. இப்ப: பிரிச்சு வைச்சால் மட்டும் எடுப்பம், உக்கிறது வளவுக்குள்ளயே, வளவில்லாத வீடுகளுக்கு ஒழுங்கைக்கு ஒரு தொட்டி. வோட்டு விழுத்திற வசனம் இல்லை உது. எனக்குப் பிடிச்சுது.

14 ஏப்ரல்

வருசம். அப்பா கைவிசேஷக் காசு தந்தார். இவவுக்கும் தந்தார், முகத்தைப் பாக்காமல். நோட்டீசை ஆரோ காட்டிப்போட்டினம்.

15 ஏப்ரல்

நித்திரை வரேல்ல, எழுதுறன். 95 ஒக்டோபர் 30 இரவு, சண்டை கிட்ட வர, சைக்கிள்ல சாமான் கட்டி தென்மராட்சிக்குப் போன சனம்தான் நாங்கள். அடுத்த வருசம் திரும்பி வரேக்க வீட்டுக்கு ஓடு இல்லை, கதவு இல்லை, கிணத்துக்குள்ள ஆரின்ரயோ கட்டில். கூரை போட முதல் அப்பா மதிலைத்தான் கட்டினவர். எனக்கு அப்ப 11 வயசு, கல்லு எடுத்துக் குடுத்தன். எல்லைக்கல் எங்க எண்டு அவர் தேடேல்ல, அப்ப வாய்க்கால் எண்டும் ஒண்டு தெரியேல்ல, பத்தைதான். இது என்ர எண்டு ஒரு கோடு கீறவேணும் அவருக்கு, கீறினார். 1 அடி 8 அங்குலம் கூட.

அவர் களவெடுத்தவர் எண்டு என்னால சொல்லேலாது. போன நவம்பர்ல மூலை வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி மூண்டு நாள் நிண்டதையும் இல்லை எண்டேலாது. பேந்து டிசம்பர்ல எலிக்காய்ச்சல், அந்த வீட்டுப் பெடியன் பத்து நாள் ஆஸ்பத்திரியில. இவவுக்கு உந்த எலக்சன் எண்ணம் முளைச்சது அங்கதான், பெடியனுக்குச் சோறு கொண்டுபோன நாள்ல.

21 ஏப்ரல்

வீடு வீடா. நான் நோட்டீஸ் கட்டோட பின்னால, வெயில் மண்டையைப் பிளக்குது. கேட்டதுகள்: மகனுக்கு வேலை, காணி உறுதி, நாய், பிரான்ஸ் விசா (உண்மையா). ஒரு ஐயா தாளையடித் தண்ணி எங்கட குழாய்க்கு எப்ப வருமெண்டார், போன ஓகஸ்ட்ல திறந்தது, நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்கிற திட்டம் எண்டு அவரே எங்களுக்குப் பாடம் எடுத்தார். அது மாநகர சபை இல்லை ஐயா எண்டா இவ. அப்ப நீர் என்னத்துக்குப் பிள்ளை?

கக்கூஸ் குழியையும் கிணத்தையும் ரெண்டு பரப்புக் காணிக்குள்ள பக்கத்தில பக்கத்தில கட்ட விடாமல் நிப்பாட்டிறதுக்கு எண்டா. இஞ்ச நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, குழியில விட்டது கிணத்தில வரும், எங்க வீடு கட்டிறதெண்டு அனுமதி குடுக்கிறது சபை. ஐயா கதிரையை இழுத்துப் போட்டார். முக்கால் மணித்தியாலம். எனக்குத் தேத்தண்ணி ரெண்டு தரம்.

கடைசி வீட்டு ஆச்சி, "சீட்டில உன்ர பேர் எங்க கிடக்கும்?" "பேர் இராது ஆச்சி, கட்சியும் சின்னமும்தான்." "பேர் போடாமல் என்னண்டு உனக்குப் போடுறது?"

24 ஏப்ரல்

தபால் வோட்டு இண்டைக்குத் தொடக்கம். வாய்க்கால் நாறுது. எட்டிப் பாத்தன்: யோகட் கப், பம்பர்ஸ், ஒரு சோடி இல்லாத செருப்பு, எல்லாம் எங்கட மதில் மூலையில வந்து இறுகி நிக்குது. அதுக்கு அங்கால துப்பரவு.

26 ஏப்ரல்

நோட்டீஸ் ரெண்டாந்தரம் அடிக்கக் குடுக்கேக்க நான் 'ஆக்கிரமிப்புகளை அகற்றுதல்' எண்டதை 'இடையூறுகளைச் சீர்செய்தல்' எண்டு மாத்தினன். 'ஆர் கட்டினதெண்டு பாராமல்' எண்டதை எடுத்தன். இடம் காணாது எண்டு எனக்கு நானே சொன்னன். இடம் கிடந்தது.

27 ஏப்ரல்

கண்டுபிடிச்சிட்டா. சத்தம் போடேல்ல. 2000 நோட்டீசையும் மேசையில வைச்சு நீலப் பேனையால ஒவ்வொண்டா வெட்டி எழுதத் தொடங்கினா. நானும் இருந்தன். விடிய ரெண்டு மணி வரைக்கும் 600தான் முடிஞ்சுது. கையெழுத்து ரெண்டு விதம், என்ரயில 'ஆக்கிரமிப்பு' எப்பவும் கொஞ்சம் சின்னனா வருது.

28 ஏப்ரல்

அமைப்பாளர் கடைக்கே வந்திட்டார். நோட்டீசில சோலைவரி பற்றின வசனத்தை எடுக்கட்டாம். இவ எழுதினது இதுதான்: பழைய மதிப்பீட்டில வரி வாங்கிக்கொண்டு புது வாய்க்கால் கட்டேலாது, கட்டாத பெரிய கடைகளிட்ட முதல் வாங்குவம். அவருக்குப் பெரிய கடைகள்தான் பிரச்சினை. பிறகு குரலை இறக்கி, சபையில 45 பேரில 27தான் வட்டாரத்தில வெண்டு வாறது, 18 கட்சிப் பட்டியல்ல இருந்து, தோத்தாலும் பட்டியல்ல பாக்கலாம் தங்கச்சி, ஒத்துப்போங்கோ எண்டார். இவ லமினேற்றிங் மிசினைத் துடைச்சுக்கொண்டே நிண்டா. அவர் போகேக்க ஒரு ஃபோட்டோக்கொப்பி எடுத்தவர், காசு தரேல்ல.

1 மே

அப்பா சாப்பாட்டு மேசையில, ஆரைப் பாத்தும் இல்லை: "சாம் சபாபதி முதல் மேயரா இருந்த காலத்தில வாய்க்காலுக்குள்ள இறங்கிப் பாக்கிற ஓவசியர்மார் இருந்தவை." 49ல மாநகர சபையான நேரம் அவர் பிறக்கவே இல்லை. ஆரின்ர கதையை ஆர் சொன்னதோ. நான் சோத்தைப் பிசைஞ்சன். இவ கேட்டா, "மாமா, அவை வந்து பாத்தால் என்ன சொல்லியிருப்பினம்?"

எழும்பிப் போயிட்டார். கை கழுவேல்ல.

3 மே

நடுச்சாமத்தோட பிரசாரம் முடிஞ்சுது. மைக் நிண்டாப் பிறகுதான் தவளை கத்துறது கேக்குது, வாய்க்காலுக்குள்ள.

4 மே

முடிஞ்ச பிறகு 21 நாளுக்குள்ள செலவுக் கணக்குக் குடுக்கோணும். எழுதிப் பாத்தன். பேப்பர், அச்சு, பெற்றோல், நீலப் பேனை 6. பேனையைக் காட்டிறதோ?

6 மே, செவ்வாய்

விடிய 7 மணிக்கே போட்டுட்டு வந்தம். அப்பா தனியப் போனவர், சைக்கிள்ல, வெள்ளை வேட்டி. வந்து ஒண்டும் சொல்லேல்ல, விரல்ல மை மட்டும் கிடக்கு. அந்த ஆச்சியை வாசல்ல கண்டன், பேர் இல்லைத்தான் பிள்ளை எண்டு எனக்கே முறைப்பாடு.

நாலு மணியோட மூடிட்டினம். ஐஞ்சரை. எண்ணத் தொடங்கியிருப்பினம். இவ கோழிக்குத் தீன் வைக்கிறா, ரெண்டாந்தரமா.

ஏழு பத்து. ஒண்டும் இல்லை. கரண்ட் ஒருக்காப் போய் வந்துது.

எட்டு மணி. மதிலடியில ரோச் லைற் வெளிச்சம் தெரியுது. அப்பா குந்திக்கொண்டு இருக்கிறார், கையில என்ன எண்டு இஞ்ச இருந்து தெரியேல்ல. போய்ப் பாக்கோணும். ஃபோன் அடிக்குது, இவ எடுக்