நாகூர்க் கந்தூரியில் ஒரு சந்தன இரவு

அம்மா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், அவருடைய மர அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பித்தளைச் செப்பு கையில் அகப்பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே கல்லாக இறுகிப்போன சந்தனம். அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு பழுப்பாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவு நாள் விழாவான கந்தூரியில் கிடைக்கும் சந்தனத்தை ஒவ்வோர் ஆண்டும் பழையதன்மேலேயே அப்பி வைப்பது அம்மாவின் வழக்கம். அந்த ஆண்டுக் கந்தூரிக்கு அம்மா இல்லாமல் நான் மட்டும் போவது என்று அப்போதே நிய்யத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூர். அத்தா (அப்பா) பினாங்கில் கடை வைத்திருந்தார். 1970களின் தொடக்கம் வரை எங்கள் பக்கத்து ஆண்கள் 'ரஜூலா' கப்பலில்தான் மலாயாவுக்குப் போய்வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோடு வந்து அணையாது. தொலைவில் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அத்தா புறப்படும் ஒவ்வொரு முறையும் நாங்கள் முதலில் நாகூருக்குப் போய் அடக்கத்தலத்தைத் தரிசிக்கும் ஸியாரத் செய்துவிட்டு, அதன்பின்தான் துறைக்குச் செல்வோம். அத்தா திரும்பி வந்ததும் அம்மா தர்காவில் ஒரு புறாவைப் பறக்கவிடுவார். கடலை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு நாகூர் என்ன என்பதை, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் எழுப்பிய தர்காக்களே சொல்லும். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் சாலையில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா இன்று அந்நாட்டின் தேசியச் சின்னம். பயணம் நல்லபடியாக முடிந்து கரை சேர்ந்தவர்கள், போன ஊரிலேயே நாகூரை நினைத்துக் கட்டிக்கொண்ட இடங்கள் அவை.

வட நாட்டில் மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முகம்மது கவுஸ் அவர்களிடம் ஞானப் பயிற்சி பெற்று, 404 சீடர்களோடு ஊர் ஊராகச் சென்று இறுதியில் இந்தக் கடற்கரையில் தங்கியவர்கள் ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்கள். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கருக்கு எந்த மருந்துக்கும் அடங்காத நோய் வந்தபோது, அரண்மனையில் ஊசிகள் குத்தி ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஒரு புறாவை எடுத்துவரச் செய்து, நாயகம் அவர்கள் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னரின் வலி நீங்கியது என்றும், கடைசி ஊசி வந்ததும் புறா பறந்துபோனது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அம்மா பறக்கவிட்ட புறாக்களுக்கு மூலம் அந்தப் புறாதான்.

நாயகம் அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 978, ஜமாதுல் ஆகிர் மாதம் பத்தாம் நாள் என்பது தர்கா மரபு. அந்த மாதத்தின் முதல் பிறையில் கொடியேறிப் பதினான்கு நாள்கள் கந்தூரி நடக்கிறது. பிறைக் கணக்கு என்பதால் ஆங்கில ஆண்டில் இது பத்துப் பதினொரு நாள்கள் முன்தள்ளிக்கொண்டே வரும். அதனால் கொட்டும் மழையிலும் கந்தூரி பார்த்திருக்கிறேன், கோடையிலும் பார்த்திருக்கிறேன். ஒருவர் இறந்த நாளுக்கு வாணவேடிக்கை எதற்கு, வாத்தியம் எதற்கு என்று சிறுவயதில் நான் அம்மாவைக் கேட்டதுண்டு. "அது மவுத்து நாள் இல்லைடா, கல்யாண நாள்" என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. இந்த நாளுக்கு 'உரூஸ்' என்று பெயர். அரபியில் அதற்குத் திருமணம் என்று பொருள். நல்லடியாரைக் கபுரில், அதாவது மண்ணறையில், கேள்வி கேட்ட மலக்குகள் என்னும் வானவர்கள், விடைகளைக் கேட்டு முடித்ததும், மணக்கோலத்தில் இருப்பவரைப் போல உறங்குங்கள் என்று சொல்வார்கள் என திர்மிதீ என்னும் நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ் கூறுகிறது. இறைவனை நாடியே வாழ்ந்தவருக்கு மரணம் என்பது அவனோடு சேரும் நாள். சந்தனமும் பூவும் அத்தரும் கொண்டு கல்யாண வீட்டைப் போல அந்த இரவு மணப்பதற்குக் காரணம் இதுதான்.

தர்காவுக்குப் போவதையே ஏற்காத சகோதரர்கள் நம்மில் இருக்கிறார்கள், என் சொந்தக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அல்லாஹ்வைத் தவிர வேறு யாரிடமும் கேட்கக் கூடாது என்ற அவர்களுடைய கவலை மதிக்கத்தக்கது. நானும் அவனிடம்தான் கேட்கிறேன். அவனுக்கு உவப்பான ஒருவர் அடங்கியிருக்கும் இடத்தில் நின்று கேட்கும்போது என் மனம் தானாகத் தாழ்ந்துவிடுகிறது என்பதை மட்டும் என்னால் மறைக்க இயலாது.

ஒன்பதாம் நாள், மாலைத் தொழுகையான அஸருக்கு முன்பே நாகூர் போய்ச் சேர்ந்தேன். நம் கணக்கில் சூரியன் மறையும் மஃரிபோடு மறுநாள் தொடங்கிவிடுவதால், அன்றிரவே பத்தாம் இரவு. தர்காவின் ஐந்து மினராக்களிலும் (கோபுரங்களிலும்) கொடி பறந்தது. அவற்றுள் பெரிய மினராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். 131 அடி உயரம். கொடி ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு மினராக்களில் மரம் நிறுத்துவதை அங்கே 'பாய்மரம் ஏற்றுதல்' என்கிறார்கள். கடலோர மக்கள் வைத்த பெயர்; அண்ணாந்து பார்த்தபோது தர்கா முழுவதுமே பாய் விரித்துப் புறப்படக் காத்திருக்கும் ஒரு கப்பலாக எனக்குத் தோன்றியது.

ரோஜா நீர் விட்டு அரைத்த சந்தனம் குடங்களில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு என்னும் அலங்கார ரதத்தில் ஏறி வருகிறது. கட்டைகளைத் தமிழக அரசு தருகிறது. ஊர்வலம் நாகை அபிராமி அம்மன் திருவாசலிலிருந்து புறப்படுகிறது. இதை ஒரு புதுமையாகச் சொல்வோரைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும், ஏனெனில் அந்தத் தெருக்காரர்களுக்கு இது ஆண்டுதோறும் வீட்டு வாசலில் நடக்கும் காரியம். இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுதுவிட்டுச் சாலையோரம் நின்றேன். விளக்குகளால் ஆன ரதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கப்பல் வடிவில் ஒன்று வந்தபோது பக்கத்திலிருந்த சிறுவன் கைதட்டினான். பின்னால், மற்றவற்றைவிட மெதுவாக, ஓரிடத்தில் நின்று நின்று, கூடு வந்தது. பார்ப்பதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. நபிகளார் மீது சலவாத்து ஓதிக்கொண்டே கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு மூதாட்டி உள்ளங்கைகளை ஏந்தியபடி கூடு கண்ணுக்கு மறையும்வரை இமைக்காமல் நின்றிருந்தார். நின்ற வாக்கில் அவர் என் அம்மாவைப் போலவே இருந்தார்.

விடிவதற்கு முன்பு சந்தனம் தர்காவுக்குள் கொண்டுசெல்லப்பட்டு, துஆ ஓதி, நாயகம் அவர்களின் அடக்கத்தலமான ரவ்ழா ஷரீஃபில் பூசப்பட்டது. நான் இருந்த இடத்திலிருந்து எதையும் காண முடியவில்லை. உள்ளிருந்து எழுந்த ஆமீன் ஒலி வாசல் வாசலாகப் பரவி வந்து, நான் சாய்ந்திருந்த தூணருகே உட்கார்ந்திருந்தவர்களின் வாயில் புகுந்து, என் வாயிலும் வந்தது. அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கபுரில் அவருக்கு அந்த மணக்கோல உறக்கத்தைக் கொடு என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பொழுது புலர்ந்தபின் நெருக்கித் தள்ளிக்கொண்டு போய் ஒரு வாழையிலைத் துண்டில் சந்தனம் வாங்கினேன். நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. திண்ணையில் அமர்ந்து செப்பைத் திறந்தபோது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர், மகனுக்கு மொட்டையடித்திருந்தது, கையில் சின்னப் படகு பொறித்த வெள்ளித் தகடு.

"பாய், சந்தனம் கிடைச்சுதா? என்னால உள்ள போகவே முடியல. இவங்கப்பா நாளைக்குத் தொழிலுக்குப் போறாரு."

'கந்தூரி' என்ற பாரசீகச் சொல்லுக்கு உணவருந்த விரிக்கும் துணி என்று பொருள். விரித்த துணியில் யார் வந்து அமர்ந்தாலும் உண்ணக் கொடுக்க வேண்டும். சஹன் என்னும் பெரிய தட்டில் நால்வராக அமர்ந்து சாப்பிடும் எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இலையிலிருந்த சந்தனத்தை விரலால் நடுவே பிரித்து, ஒரு பாதியை அவரிடம் நீட்டினேன். அவர் முதலில் மகனின் மொட்டைத் தலையில் தடவி, மிச்சத்தைக் குங்குமச் சிமிழில் வழித்துக்கொண்டார்.

"அம்மாவுக்கா?" என்றார், என் செப்பில் இருந்த அடுக்குகளைப் பார்த்து.

"ஆமாம்மா" என்றேன். விரலில் ஒட்டியிருந்ததையும் சேர்த்து, பழைய சந்தனத்தின்மேல் புதியதை அப்பி மூடினேன்.