சாக்லேட் ஃபட்ஜ்: டின் பாலில் ஒன்று, பாகில் ஒன்று

சாக்லேட் ஃபட்ஜுக்கு மூன்றே பொருள் போதும் என்று சொல்வது உண்மைதான். கண்டென்ஸ்டு மில்க், சாக்லேட், கொஞ்சம் வெண்ணெய். சூடாக்கிக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் துண்டு போட்டுவிடலாம். கொஞ்ச நாளாக இந்தச் சுலப முறையையும், இதற்கு முன்னாலிருந்த பாகு முறையையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பெயரில் சுற்றினாலும் இரண்டும் வேறு வேறு பண்டங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றை இறுக வைப்பது கொழுப்பு, இன்னொன்றை இறுக வைப்பது சர்க்கரை. எங்கள் வீடு சென்னையில். இந்த ஊர் வெயிலுக்கு எது தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் ஆரம்பத்திலிருந்து என் நோக்கம்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், 380 கிராமோ 400 கிராமோ எது கிடைத்தாலும் சரி. டார்க் சாக்லேட் 400 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம். ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் வெனிலா எசென்ஸ். உப்பை விட்டுவிடாதீர்கள். டின் பாலில் இருக்கும் இனிப்புக்கு அது இல்லாவிட்டால் இரண்டாவது துண்டே திகட்டும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் மேல் இன்னொரு பாத்திரத்தைத் தண்ணீர் படாமல் உட்கார வைத்து, அதில் பொடியாக நறுக்கிய சாக்லேட்டையும் வெண்ணெயையும் டின் பாலையும் ஒன்றாகவே போட்டேன். சாக்லேட்டைத் தனியாக உருக்கினால் ஆவியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டிதட்டி மண் மாதிரி ஆகிவிடும். பாலோடு சேர்த்தே உருக்கும்போது அந்தப் பயம் இல்லை. சின்னத் தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறினால் பளபளவென்று கூழாகிவிடும். மைக்ரோவேவ் இருப்பவர்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறிக் கிளறி வைக்கலாம். பட்டர் பேப்பர் விரித்த ஏழு இஞ்ச் சதுர டின்னில் ஊற்றி, மேலே வறுத்த முந்திரியைத் தூவினேன். வால்நட் போட்டால் அதன் லேசான கசப்பு இந்த இனிப்புக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், விலைதான் இடிக்கிறது.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கப் பொறுமை இருந்தால் கடையில் வாங்கியது மாதிரி ஓரம் சுத்தமாக வரும்.

இதில் சூட்சுமம் எல்லாம் எந்தச் சாக்லேட் என்பதில்தான். பேக்கரி சாமான் கடைகளில் கட்டி கட்டியாக விற்கும் டார்க் காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதிலாகப் பனைவகை எண்ணெயைக் கெட்டியாக்கிச் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, வேலையும் சுலபம், துண்டும் விறைப்பாக நிற்கும். ஆனால் வாயில் கரைந்த பிறகு அண்ணத்தில் ஒரு வழவழப்பு மிஞ்சும். பின்னால் இருக்கும் பொருள் பட்டியலில் கோகோ பட்டர் என்று போட்டிருக்கும் அசல் சாக்லேட்டில் செய்தபோது அந்த வழவழப்பு இல்லை, வாசனையும் நின்றது. ஆனால் கோகோ பட்டர் உருகுவது சுமார் 34 டிகிரியில். மே மாதத்துச் சென்னையில் சமையலறையே அதைத் தாண்டிவிடும். போதாததற்கு டின் பால் வேறு அந்தக் கட்டை இளக்கிவிடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்து, காபி போட்டு எடுத்து வருவதற்குள் ஓரங்கள் மழுங்கி, தட்டில் சப்பையாக உட்கார்ந்துவிட்டது.

சாக்லேட்டை 450 கிராம் ஆக்கினால் கொஞ்சம் தேவலை. பாதி அசல், பாதி காம்பவுண்ட் என்று கலந்ததும் சுமாராக ஒத்துவந்தது. மில்க் சாக்லேட் பக்கம் போகவே வேண்டாம், இன்னும் இளகும், இனிப்பும் தாங்காது. டிபன் டப்பாவில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோகும் பண்டம் இது இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

டின் பாலோடு சாக்லேட்டுக்குப் பதில் மூன்று ஸ்பூன் கோகோ பவுடரும் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் போட்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறினால் வேறொன்று கிடைக்கும். பிரேசில்காரர்கள் அதை உருட்டி, மேலே சாக்லேட் துகளைப் புரட்டி, பிரிகடேய்ரோ என்று பிறந்தநாளுக்கெல்லாம் வைக்கிறார்கள். ருசியானதுதான். ஆனால் பல்லில் இழுக்கும், ஃபட்ஜ் இழுக்கக் கூடாது.

சரி, பாகு முறைக்கு வருகிறேன். ஃபட்ஜ் அமெரிக்காவில் பிறந்தது. கிடைத்திருக்கும் பழைய சாட்சியங்களில் ஒன்று, எமலின் பேட்டர்ஸ்பி ஹார்ட்ரிட்ஜ் என்ற பெண்மணி எழுதிய கடிதம். 1886-இல் பால்டிமோரில் இது பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றது என்றும், தான் அந்தச் செய்முறையைக் கேட்டு வாங்கி 1888-இல் வாஸர் கல்லூரியில் சீனியர் மாணவிகளின் ஏலத்துக்காக 30 பவுண்டு செய்ததாகவும் அதில் சொல்கிறார். 30 பவுண்டு என்றால் பதின்மூன்றரை கிலோவுக்கு மேல். அங்கிருந்து மற்ற மகளிர் கல்லூரிகளுக்கும் பரவி, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்குவம் என்று ஆனது. அந்தப் பெண்கள் கிண்டியது டின் பால் பண்டம் இல்லை. சர்க்கரையும் பாலும் சாக்லேட்டும் வெண்ணெயும் சேர்த்துப் பாகு காய்ச்சியது.

நான் எடுத்த அளவு: சர்க்கரை 400 கிராம், கொழுப்பு எடுக்காத பால் 240 மில்லி, சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் 40 கிராம், வெண்ணெய் 40 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, லிக்விட் குளுக்கோஸ் ஒரு பெரிய ஸ்பூன், வெனிலா ஒரு சின்ன ஸ்பூன். குளுக்கோஸ் எதற்கு என்றால், சர்க்கரை பெரிய பெரிய படிகமாகக் கூடிக்கொள்ளாமல் அது குறுக்கே நிற்கும். ஜாமூன் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிகிறோமே, அதே காரியம்தான். இங்கே பால் இருப்பதால் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடும். குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் தேன் போடலாம், தேன் வாசனை கொஞ்சம் முன்னால் நிற்கும்.

பாத்திரம் அடி கனமாகவும், எடுத்த அளவைப்போல நான்கு மடங்கு கொள்ளுகிற மாதிரியும் இருக்கட்டும். பால் பாகு பொங்கும். கோகோவையும் சர்க்கரையையும் முதலில் உலர்வாகக் கலந்து, பிறகு பாலை ஊற்றினால் கட்டி விழாது. கொதி வரும்வரை கிளறலாம். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி போட்டு வைத்தேன். மூடியில் சேரும் ஆவி, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் குருணையைக் கழுவி இறக்கிவிடும். ஒரு குருணை மிஞ்சினாலும் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் பூக்க ஆரம்பித்துவிடும். அதன் பிறகு கரண்டியைத் தொடாமல் நடுத்தரத் தீயில் விட வேண்டும்.

எவ்வளவு நேரம்? புத்தகக் கணக்கு 112 முதல் 116 டிகிரி. தண்ணீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். 112-ஐத் தொடும்போது வெறும் சர்க்கரைப் பாகாக இருந்தால் அதில் கிட்டத்தட்ட 85 சதவீதம் சர்க்கரை இருக்கும். இதற்காக ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் விட்டு 100 காட்டுகிறதா என்று சரிபார்த்து வைத்திருந்தேன். அத்தை அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு? ஒரு கிண்ணத்துல பச்சைத் தண்ணி எடு" என்றார்.

கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். முதல் சொட்டு பழுப்பாகக் கலங்கிக் கரைந்துபோனது. தெர்மாமீட்டரில் அப்போது 107. இன்னும் சில நிமிடம் கழித்து விட்ட சொட்டு கரையாமல் அடியில் போய்ப் படுத்தது, ஆனால் விரலில் கூட்டினால் வழுக்கி ஓடியது. அதற்கடுத்த சொட்டை அவர் இரண்டு விரலால் கூட்டி வெளியே எடுத்தார். தண்ணீருக்குள் இருந்தவரை உருண்டையாக இருந்தது, வெளியே வந்ததும் விரல் மேலேயே மெதுவாகத் தட்டையானது. "அதிரசத்துக்கு இதான் பதம், இறக்கிடு" என்றார். தெர்மாமீட்டர் 114-இல் இருந்தது.

அப்புறம்தான் பொறுமை வேண்டும். வெண்ணெயையும் வெனிலாவையும் மேலே போட்டுவிட்டு, கிளறாமல், ஆட்டாமல், 45 டிகிரி அளவுக்கு ஆறவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் தாங்குகிற சூடு. சென்னையில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை வைத்தால் சீக்கிரம் ஆறும். ஏன் ஆற வேண்டும் என்று பார்க்க, ஒரு கரண்டி பாகை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துச் சூட்டோடு கிளறினேன். இரண்டு நிமிடத்தில் இறுகியது, வாயில் போட்டால் நறநறவென்று சர்க்கரை. சூட்டில் சில படிகங்கள் மட்டும் உண்டாகி, அவையே வளர்ந்து பெரிதாகின்றன. ஆறிய பாகில் கரைந்திருக்க முடியாத அளவு சர்க்கரை நெருக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கிளறினால் எண்ணற்ற நுண்ணிய படிகங்கள் ஒரே சமயத்தில் உண்டாகும், நாக்குக்குத் தனித்தனியாகத் தட்டாது.

மரக் கரண்டியால் கிளறத் தொடங்கினேன். கை கடுக்கும், சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்துக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். பாகு கறுப்பாக, கண்ணாடிபோலப் பளபளத்துக்கொண்டு கரண்டியோடு இழுபடும். அப்புறம் நிறம் ஒரு மாத்து வெளுக்கும். கரண்டி போன தடம் உடனே மூடாமல் கொஞ்சம் நின்று மூடும். பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே நடுவுக்கு வரும். தேங்காய் பர்பி கிளறியவர்களுக்கு இந்த நேரம் தெரியும், யோசித்துக்கொண்டிருக்க முடியாது. நெய் தடவிய தட்டை முன்கூட்டியே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். முந்திரி போடுவதானால் இப்போதே போட்டு, ஒரு புரட்டுப் புரட்டிக் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே இறுகிப்போனால் இரண்டு ஸ்பூன் பால் விட்டு, சின்னத் தீயில் இளக்கித் திரும்பக் கிளறலாம், வீணாகப் போகாது.

வந்த ஃபட்ஜ் டின் பால் ஃபட்ஜ் மாதிரி வழுவழுப்பாக இல்லை. கடித்தால் மெத்தென்று உடைந்து, நாக்கில் வைத்ததும் மாவாகக் கரைகிறது. இனிப்பு அதிகம், சாக்லேட் வாசனை கொஞ்சம் குறைவு. ஆனால் வெயில் இதை ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரைப் படிகம் 35, 40 டிகிரிக்கெல்லாம் உருகாது. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வெளியிலேயே ஒரு வாரம் வைத்திருந்தோம், ஓரம்கூட மழுங்கவில்லை. ஃப்ரிட்ஜ் இதற்கு ஆகாது, காய்ந்துபோகிறது. டின் பால் ஃபட்ஜுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஆகாது.

விருந்தாளி வருகிறார், குழந்தைகள் கேட்கிறார்கள் என்றால் நான் இன்னமும் டின்னைத்தான் திறப்பேன். ஊருக்குக் கொண்டுபோக, பார்சல் அனுப்ப, பாகு ஃபட்ஜ்தான். தீபாவளிக்கு மைசூர்பாகோடு பெட்டியில் இதை வைத்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஊட்டி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் செய்தால் தெர்மாமீட்டரில் 114 வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீரே அங்கே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். பாகுப் பதமும் அதே கணக்கில் ஏழெட்டு டிகிரி இறங்கி வரும். 114 வரும்வரை காய்ச்சினால் பாகு முறுகி, துண்டு கல்லாகிவிடும். அங்கே சூட்டைக் கணக்குப் போடுவதைவிட, கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதே நல்லது. அத்தையிடம் இதைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை, தெர்மாமீட்டரை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

அடுத்து நாட்டுச் சர்க்கரையில் செய்து பார்க்க வேண்டும். அமெரிக்காவிலேயே பழுப்புச் சர்க்கரையில் செய்யும் பெனூச்சி என்ற வகை உண்டு, அதில் பெரும்பாலும் கோகோ இருக்காது. நாட்டுச் சர்க்கரையைப் பாலோடு கொதிக்கவிட்டால் திரியும் என்பதால், முதலிலேயே ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம் என்றிருக்கிறேன். பாதி அளவில்தான் வைக்கப்போகிறேன், அதுவும் கோகோ இல்லாமல்.