எத்தனாவது டேக்?

"அண்ணா, அந்த வரி எத்தனாவது டேக்?" என்று பாடகி கேட்டார்.

"ஒரே டேக்தாம்மா" என்றேன்.

பொய். இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி அது, ஏழே சொல். முதல் மூன்று சொற்கள் 3ஆம் டேக். நடுவில் நீளும் ஆகாரம் 7ஆம் டேக், அதைத் தொடரும் மூன்று சொற்களும் அதே டேக். வரி தொடங்கும் முன் கேட்கிற மூச்சு 2ஆம் டேக்கில், அதுவும் முதல் சரணத்தில் இழுத்த மூச்சு. கடைசிச் சொல் டேக் கணக்கிலேயே வராது. இசைக்கோர்ப்பு முடிவதற்கு முன், வாத்தியக்காரர்கள் பிடித்துக்கொள்ள ஒரு குரல் வேண்டும் என்பதற்காகக் கன்ட்ரோல் ரூமில் மைக்கைக் கையில் பிடித்தபடி அவர் பாடிவைத்த கைடு ட்ராக் அது.

பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடிய ஆல்பம், 11 பாட்டு. வெளியான முதல் வாரத்தில் ரசிகர்கள் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இந்த ஒரு வரியில் மட்டும் சண்டை இல்லை. ஒட்டு வேலை எதுவும் இல்லாமல் அவர் நிஜமாகவே பாடியிருக்கும் இடம் இதுதான் என்று அசலின் வெறியர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள். அந்த மூச்சைப் பற்றித் தனியாக எழுதியவர்களும் உண்டு. அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

காம்ப் செய்வது குற்றமில்லை. இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. எட்டு ஒன்பது டேக் பாடிவிட்டுப் பாடகர் போய்விடுவார். அதன் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியிலும் நல்லதைப் பொறுக்கி ஒரே குரலாகக் கட்டுவது ஒருவருடைய அன்றாட வேலை. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பாடகருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவர்கள் கேட்பதுமில்லை.

நன்றாக ஒட்டினால் தெரியவும் தெரியாது. தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. க, ட, த, ப போன்ற வல்லினம் இரட்டித்து வரும் இடத்தில் வாய் ஒரு கணம் முழுக்க மூடிக்கொள்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே குட்டியாக ஒரு மௌனம் தெரியும். வெட்ட வேண்டியது அங்கேதான். 5 மில்லிவிநாடி க்ராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க மங்க அடுத்தது எழும் இணைப்பு) போதும். மெல்லினத்தில் கை வைத்தால் மாட்டிக்கொள்வோம். ம், ன், ண் எல்லாம் மூக்கு வழியாகத் தொடர்ந்து ஒலிப்பவை, இரண்டு டேக்கின் சுருதி சற்றே விலகியிருந்தாலும் ஒட்டு துருத்திக்கொண்டு தெரியும். அங்கே 20, 30 மில்லிவிநாடி வரை நீட்டிக் கரைக்க வேண்டும், அப்படியும் சில சமயம் இரண்டு பேர் சேர்ந்து பாடியது போல ஒரு நிழல் விழும். உயிரெழுத்தின் நடுவில் வெட்டுவது கடைசி வழி. அலையின் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் ஒரே கட்டத்தில் நிற்கவில்லை என்றால் 'டிக்' என்று ஒரு சத்தம், இல்லாவிட்டால் குரலில் ஒரு குழி.

அந்த வரியில் கடைசிச் சொல் வல்லினத்தில் தொடங்கியது. அதிர்ஷ்டம்தான். மைக் பொருந்தாததுதான் தலைவலி. கைடு பாடியது மேடையில் கையில் பிடிக்கும் டைனமிக் மைக். உதட்டோடு ஒட்டிப் பாடினால் அதில் கீழ்ப்பகுதி பருத்துவிடும், மேலே காற்றோட்டம் இருக்காது. மற்ற டேக்குகள் எல்லாம் ஒரு சாண் தள்ளி நிறுத்திய கன்டென்சர் மைக். 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் குறைத்து, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 5 டெசிபல் தூக்கினேன். தூக்கியதும் இரைச்சலும் சேர்ந்து எழுந்தது. கன்ட்ரோல் ரூம் ஸ்பீக்கரிலிருந்து கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ் வேறு மைக்கில் கசிந்திருந்தது. பிறகு பதிவான நிஜ வயலின்கள் அதே இடத்தில் அதே கார்டை வாசித்ததால் கசிவு அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டது. கைடின் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அட்சரம் என்ற வேகம்) 71.5, இறுதி டெம்போ 73. ஆகவே அந்தச் சொல்லை 2 சதவீதம் சுருக்க வேண்டியிருந்தது. சுருதி மட்டும் சுமார் 18 சென்ட் கீழே இருந்தது (அரைக்கட்டையை 100 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட்). அதைத் தொடவில்லை. தொட்டால் சொல் செத்துப்போனது.

இவ்வளவும் செய்த வரியைத்தான் கை படாத வரி என்றார்கள்.

இதற்கு நேர்மாறானதையும் சொல்ல வேண்டும். பல்லவி இரண்டாம் முறை திரும்பும் இடம் உண்மையிலேயே ஒரே டேக். வெட்டு இல்லை, கணினியில் சுருதி திருத்தும் ட்யூனிங் இல்லை. அதைத்தான் ஆட்டோட்யூன் என்று கிழித்தார்கள். கேட்டவர்கள் காது கெட்டுப்போகவில்லை. குரலில் ஏதோ இயந்திரத்தனம் இருந்தது, அது இருந்த இடம்தான் வேறு. கம்ப்ரெஸர் நான்குக்கு ஒன்று விகிதத்தில் 8 முதல் 10 டெசிபல் வரை அமுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அமுக்கினால் மெல்லச் சொன்னதும் அழுத்திச் சொன்னதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கூடவே பின்னணியில் நான்கு அடுக்குக் கோரஸ், அது கறாராகச் சுருதி நேராக்கப்பட்டது. முன்னால் நிற்கும் குரலும் பின்னால் நிற்கும் கோரஸும் ஒரே ஆளுடையவை என்றால் காது இரண்டையும் கலந்துதான் தீர்ப்புச் சொல்லும். அதோடு அவர் இயல்பிலேயே அதிகம் அசைக்காமல் நேராகப் பாடுகிறவர். அவருடைய சொந்தப் பாட்டுகளில் அதை அழகு என்று கொண்டாடிய அதே ரசிகர்களுக்குப் பழைய பாட்டில் வந்ததும் அது இயந்திரமாகிவிட்டது.

எல்லாப் புகாரும் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருந்தது. வலிக்கிறது என்று சொன்ன இடம் சரி, நோயின் பெயர் தப்பு. புல்லாங்குழல் சோர்ந்து கிடக்கிறது, வாசித்தவர் சுமார் என்றார்கள். வாசித்தவர் அருமையாகத்தான் வாசித்தார். அசல் 5 கட்டை, பாடகரின் குரலுக்காக 4 கட்டைக்கு இறக்கினோம். இறக்கும்போது குரலை மட்டும் பார்த்தோம். அசலில் டி ஸ்வரத்தில் முடிகிற குழல் வரி எங்களிடம் நடு சி-யில் வந்து விழுந்தது. வழக்கமான மேற்கத்தியக் குழலுக்கு அதுதான் அடிமட்டம், அதற்குக் கீழே ஸ்வரமே இல்லை. அந்த இடத்தில் காற்றுதான் அதிகம் வரும், நாதம் வராது. வயலினும் அப்படித்தான். விரலால் அழுத்தி அசைத்து இழைத்த ஸ்வரம் இரண்டு அரைக்கட்டை இறங்கியதும் வெறுந்தந்தியில் போய் நின்றது. வெறுந்தந்தியை அசைக்க வழியில்லை. குரலுக்காகக் கட்டை இறக்கினால் வாத்திய வரிகளை மறுபடி எழுத வேண்டும், அப்படியே நகர்த்தக் கூடாது. தெரிந்தும் நேரமில்லை என்று விட்டோம்.

சத்த அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசலையும் புதியதையும் அடுத்தடுத்து ஒட்டி, பழையது மூச்சு விடுகிறது, புதியது தட்டையாக இருக்கிறது என்று காட்டினார்கள். எங்கள் மாஸ்டர், அதாவது வெளியீட்டுக்கான இறுதிப் பிரதி, −9 எல்யூஎஃப்எஸ் (காதில் விழும் சராசரிச் சத்தத்தின் அளவு). ஸ்ட்ரீமிங் தளங்கள் பல −14 அளவுக்குக் குறைத்து ஒலிபரப்பும். ஆக 5 டெசிபல் இறங்கிவிடும். சத்தத்துக்காக லிமிட்டரில் (உச்சச் சத்தத்தைத் தடுக்கும் கருவி) நசுக்கிய மேடுகள் போனது போனதுதான், சத்தமும் மிஞ்சவில்லை. பழைய பாட்டின் டிஜிட்டல் பிரதி ஏற்கெனவே அந்த அளவை ஒட்டி இருந்ததால் அது மேடுபள்ளத்தோடு அப்படியே வந்தது. மாஸ்டரிங் என் பொறுப்பில் இல்லை. (இந்த வாக்கியத்தை எழுதும்போதே தெரிகிறது, தப்பித்துக்கொள்ளும் வாக்கியம் இது.)

ஆகவே ரசிகர்கள் மீது கோபமில்லை. ஒரு பாப் பாடகர் பழைய பாட்டைத் தொடும்போது என்ன நடக்கும் என்பது புதிய செய்தியும் அல்ல. 1983இல் ராக் பாடகி லிண்டா ரான்ஸ்டாட், அந்தக் காலத்து அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவுக்கு இசைக்கோர்ப்புச் செய்த நெல்சன் ரிடிலோடு சேர்ந்து 'வாட்ஸ் நியூ' என்ற பழைய பாட்டுகளின் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது அவருடைய கம்பெனிக்கே நம்பிக்கை இருக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்தைத் தாண்டி விற்றது. ஆனால் என் மனதில் சுற்றிக்கொண்டிருப்பது பாப் டிலன் 2015இல் வெளியிட்ட 'ஷேடோஸ் இன் த நைட்'. சினாட்ரா பாடிய பாட்டுகள். பெரிய ஸ்ட்ரிங்ஸ் படை இல்லை, தன் சிறு குழுவோடு ஒரே அறையில் நேரடியாகப் பாடினார், ஆல்பம் வெளியானபோது அவருக்கு வயது 73. எல்லோரும் ஒரே அறையில் வாசிக்கும்போது ஒவ்வொரு மைக்கிலும் எல்லாச் சத்தமும் விழும். ஒரு சொல்லை மட்டும் வேறு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டினால் பின்னாலிருக்கும் கிடாரும் சேர்ந்து குதிக்கும். வரி பிசகினால் பாட்டையே மறுபடி வாசிக்க வேண்டும், இல்லையென்றால் பிசகோடு விட வேண்டும். பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் காரணம் ஒன்றுதான், அந்த உடைந்த குரல்.

ஒரே டேக் என்றால் அது. நான் சொன்னது அதில்லை.

அன்றைய அசல்களும் அப்படியொன்றும் புனிதமில்லை என்று வாதாடலாம். நாடா வந்த காலத்திலேயே பிளேடால் சாய்வாக வெட்டி இரண்டு டேக்கை ஒட்டினார்கள். என்ன, அன்று வெட்டினால் குரலும் வாத்தியமும் சேர்ந்தே வெட்டுப்படும், அதனால் வாக்கியத்துக்கு வாக்கியம்தான் வெட்ட முடிந்தது. நான் சொல்லுக்குச் சொல் வெட்டினேன். அளவில்தான் வித்தியாசம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அந்த அளவுதான் எல்லாமே என்று தோன்றும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வாரம் அவர் நொந்துபோயிருந்தார். பாராட்டாக வந்தது அந்த ஒரு வரி. அதையும் உடைத்துக் கையில் கொடுக்க மனம் வரவில்லை. இது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு, அது அவ்வளவு நல்ல விளக்கமல்ல: "நான்கு துண்டும்மா" என்றால் அடுத்த கேள்வி "மற்ற வரிகள்?" என்று வரும். ஒவ்வொரு பாட்டாக உட்கார்ந்து காட்ட வேண்டியிருக்கும். ஆனால் துண்டு ஒவ்வொன்றும் அவர் பாடியதுதானே, வேறு யாருடைய குரலும் இல்லையே. அந்தக் கடைசிச் சொல்லை யாரும் கேட்கப்போவதில்லை என்ற நினைப்பில்தான் அவ்வளவு தளர்ந்து பாடியிருந்தார். அதை எடுத்து வைத்தது என் காது. அந்தப் பெருமையும் அந்தப் பொய்யில் கொஞ்சம் இருந்திருக்கும்.

பிரச்சினை மேடையில் வந்தது. அந்த வரி நான்கு பார், 16 அட்சரம். 73 டெம்போவில் 13 விநாடிக்கு மேல். 3ஆம் டேக்கில் அவர் நடுவில் ஒரு மூச்சு எடுத்திருந்தார். 7ஆம் டேக்கின் ஆகாரத்தை வைத்தபோது அந்த மூச்சு போய்விட்டது. கடைசிச் சொல் வேறு நாள் பாடியது, அதற்கு முன்னால் எடுத்த மூச்சும் இதில் இல்லை. முந்தைய வரி முடிந்து இது தொடங்க அரை அட்சரம்தான் இடைவெளி, 0.4 விநாடி. அதற்குள் நிரப்பிய காற்றில் முழு வரியையும் உச்சத்தில் நிறுத்திப் பாடிவிட்டுக் கடைசிச் சொல்லைத் தளர்வாக விட வேண்டும். மனித நெஞ்சுக்கு அது முடியாது என்று சொல்ல மாட்டேன். அவர் ஒருபோதும் அப்படிப் பாடியதில்லை என்பது நிச்சயம். தான் பாடியதாக நம்பி அதையே திரும்பச் செய்யப் பார்த்தார். ஆகாரத்தில் காற்று தீர்ந்து கடைசிச் சொல் வெறும் உதட்டசைவாக நின்றது. அந்த 13 விநாடியை மட்டும் வெட்டிப் பரப்பினார்கள். ஸ்டுடியோவில் வந்தது மேடையில் வரவில்லையே என்றார்கள். இந்த முறை நோயின் பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் நடுவில் மூச்சு எடுத்திருப்பாரா? எடுத்திருக்கலாம். ரெக்கார்டில் இல்லாத மூச்சு என்று அதற்கும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கும். இல்லை, இது சாக்கு. மூச்சு எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

போன மாதம் அடுத்த நிகழ்ச்சிக்காக மைனஸ் ட்ராக் (அவர் குரல் இல்லாமல் இசை மட்டும்) கேட்டிருந்தார். அரைக்கட்டை இறக்கி வேண்டும் என்றார், அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறக்கினேன், இம்முறை குழல் வரியை மேல் ஸ்தாயிக்கு மாற்றிவிட்டு. பிறகு பாட்டின் வேகம் எங்கே எவ்வளவு என்று குறித்திருக்கும் டெம்போ மேப்பைத் திறந்து, கடைசிச் சொல்லுக்கு முந்தைய இரண்டு அட்சரத்தை மட்டும் 73இலிருந்து 62க்கு இறக்கினேன். 0.3 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். சட்டென்று ஒரு மூச்சு இழுக்க அது போதும். கேட்கிறவர்களுக்குப் பாட்டு அந்த இடத்தில் உணர்ச்சியில் தயங்குவது போலத்தான் இருக்கும். ட்ரம்மரின் காதுக்குப் போகும் தாளச் சத்தமான க்ளிக்கும் அதே மேப்பில் ஓடுவதால் குழுவும் தானாகக் கூடவே தயங்கும்.

ஃபைலை அனுப்பும்போது, கேட்டபடி அரைக்கட்டை இறக்கியிருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.