நாலு கட்டம், மூன்று எலெக்ட்ரான்

உயர்வெப்ப மீக்கடத்தலுக்கு, அதாவது சில பொருள்களில் வழக்கத்தைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே மின்தடையில்லாமல் மின்சாரம் ஓடுவதற்கு, இன்னும் கோட்பாடே கிடையாது என்று யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்று வரும். கோட்பாட்டுக்கா பஞ்சம்? 1986-இல் ஸூரிக் பக்கத்து ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் ஒரு தாமிர ஆக்சைடில் 30 கெல்வின் வாக்கில் மீக்கடத்தலைப் பார்த்ததிலிருந்து ஆளுக்கொரு கணித மாதிரி (மாடல்) வைத்திருக்கிறார்கள். என் கட்சி ஹப்பர்ட் மாதிரி.

1963-இல் வந்தது. ஒரே வரியில் எழுதிவிடலாம். சதுரக் கட்டங்கள் (கட்டம் என்பது அணு இருக்கும் இடம்), எலெக்ட்ரான் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவலாம், ஒரே கட்டத்தில் இரண்டு உட்கார்ந்தால் ஆற்றலில் அபராதம். கட்டத்துக்கு ஒன்று வீதம் நிரப்பி, அபராதத்தையும் ஏற்றிவிட்டால் யாரும் நகர முடியாது. தாமிர ஆக்சைடுகளின் தாய்ப்பொருள் மின்சாரம் கடத்தாதது இதனால்தான். அதிலிருந்து கொஞ்சம் எலெக்ட்ரானை உருவித் துளை போட்டால் மீக்கடத்தி. அண்டை ஸ்பின்கள் (எலெக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள்) ஏற்கெனவே ஜோடியாகத்தான் இருக்கின்றன, துளை வந்ததும் அவை ஓடத் தொடங்குகின்றன என்றார் இயற்பியலாளர் ஆண்டர்சன், 1987-இல். அதே வருடம் அதைக் கணக்காக்கிய கட்டுரையில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் நம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்து ஜி. பாஸ்கரன்.

சரி, விலக்கிக்கொள்ளும் எலெக்ட்ரான்கள் எப்படி ஜோடி சேரும்? இதை நம்புவதற்கு நாலே கட்டம் போதும். பைத்தானில் போட்டுப் பாருங்கள். நாலு எலெக்ட்ரானுக்கு 36-க்கு 36 அணி (மேட்ரிக்ஸ்), மூன்றுக்கு 24, இரண்டுக்கு 16. கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். இப்போது இப்படி இரண்டு சதுரங்களை எடுத்து, ஆளுக்கொரு துளை கொடுங்கள், அதாவது ஒவ்வொன்றிலும் மூன்று எலெக்ட்ரான். அல்லது இரண்டு துளையையும் ஒன்றிலேயே போட்டு, மற்றதை முழுசாக விடுங்கள். எதற்கு ஆற்றல் குறைவு? அபராதம் தாவலைப் போல 4.58 மடங்குக்குள் இருக்கும்வரை இரண்டாவதற்கு! ஈர்ப்பு என்று நாம் ஒன்றுமே எழுதவில்லை, துளைகள் தாமாகச் சேர்கின்றன. அந்த ஜோடியைச் சதுரத்தோடு 90 பாகை திருப்பினால் அதன் அலைச்சார்பின் குறி (கூட்டல், கழித்தல்) மாறுகிறது. 1994-இல் ட்சூயியும் கர்ட்லியும் மூன்று படிகங்களை ஒட்டிய தளத்தில் வளையம் செய்து, மீக்கடத்தி வளையத்தில் வழக்கமாக மாட்டும் காந்தப்பாயத் துணுக்கில், அதாவது குவாண்டத்தில், பாதி மட்டும் மாட்டிக்கொள்வதைக் காட்டினார்களே, அதில் தெரிந்ததும் இதே சமச்சீர்தான். முதல் தடவை திரையில் அந்தக் கழித்தல் குறியைப் பார்த்தபோது எழுந்து நடக்கத் தோன்றியது.

ஆனால் தாமிர ஆக்சைடுகளுக்கு அபராதம் 8 மடங்கு வாக்கில் என்பார்கள். அங்கே நாலு கட்டம் கைவிட்டுவிடும். பெரிதாக்கலாம் என்றால், 16 கட்டத்தில் கட்டத்துக்கு ஒன்று வீதம் நிரப்பினாலே 16 கோடியே 56 லட்சம் நிலைகள். நிலைக்கு ஓர் எண் வீதம் அடுக்கிய ஒரே ஒரு திசையனுக்கே ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம். அதற்கப்புறம் மீக்கணினிக்காரர்கள் ராஜ்ஜியம். அவர்களும் லேசாகத் தப்பவில்லை. எட்டில் ஒரு பங்கு துளையில், துளைகள் வரிவரியாக அடுக்கிக்கொள்ளும் நிலை மீக்கடத்தலை நூலிழையில் முந்துகிறது. 2020-இல், பக்கத்துத் தாவல் மட்டுமுள்ள சுத்த மாதிரியில் மீக்கடத்தலே இல்லை என்று ஒரு குழு சொன்னது. கட்சி மாறிவிடலாமா என்று யோசித்தேன். 2024-இல் மூலைவிட்டத் தாவலையும் சேர்த்துப் பார்த்தார்கள். மீக்கடத்தல் வந்துவிட்டது, வரிகளும் கூடவே.

ஆக, மூலைவிட்டம் இல்லாமல் கதை நடக்காது. தாமிர ஆக்சைடுகளில் அந்தத் தாவல் நிஜமாகவே உண்டு என்பதால் இதை ஒட்டுவேலை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.